வெற்றியில் விளையும் துயர்

அரக்கனை வென்று மீளும் வீரனின் கதை இல்லாத மொழி உலகில் இல்லை எனலாம். தொலைக்காட்சிப் பெட்டியுடன் பொருத்தி ஆடும் வீடியோ விளையாட்டுக்களும் இக்கதையையே பெரும்பாலும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்துள்ளன. வழியெங்கும் சிறு பகைவர் நூறுபேர். முடிவில் ஒரு பெரும்பூதம். அது வீழ்ந்ததும் வெற்றி முழக்கம். இந்த வாய்பாட்டைக் கையிலெடுத்து அதன் பொருளையே தலைகீழாக்கிய ஓர் ஆக்கம் 2005ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. யப்பானியரான பூமிற்றோ உவேடாவின் நெறியாள்கையில், சொனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் 2 கருவிக்காக உருவான அதன் ஆங்கிலப் பெயர் 'ஷடோ ஒவ் த கொலோசஸ்'. மூலப் பெயரோ 'வாண்டாவும் பேருருவமும்' என்ற பொருளுடையது.

கதை சிறிது. வாண்டர் என்னும் இளைஞன், பலியிடப்பட்டு இறந்த மோனோ என்ற பெண்ணின் உடலைக் குதிரையிற் சுமந்து, நீண்டதொரு பாலத்தைக் கடந்து, மனிதர் புகலாகாதெனத் தடுக்கப்பட்ட நிலத்துக்கு வருகிறான். அங்குள்ள கோயிலில் குரலாக மட்டும் ஒலிக்கும் டோர்மின் என்ற சக்தி, அந்நிலத்தில் வாழும் 16 பேருருவங்களையும் அழித்தால் அவள் உயிர்பெறக்கூடும் என்கிறது. அதற்கு அவன் கொடுக்கும் விலை பெரிதாயிருக்கும் என்றும் எச்சரிக்கிறது. அவன் தயங்கவில்லை. நாமும் தயங்குவதில்லை.

இவ்வாக்கத்தின் சிறப்பு, அது எவற்றையெல்லாம் விலக்கியது என்பதிலேயே முதலிற் புலப்படும். வழியிற் சிறு பகைவர் இல்லை. ஊரில்லை, கடைவீதியில்லை, பேச்சுத்துணையில்லை. உயர்த்திய வாளிற் பட்டுக் குவியும் கதிரொளி காட்டும் திசையில், அக்ரோ என்ற குதிரையோடு வெட்டவெளியைக் கடக்கவேண்டும். அப்பயணத்திற் கேட்பவை குளம்பொலியும் காற்றும்தாம். கோ ஒற்றானியின் இசை பேருருவத்தின் முன்னிலையிலேயே எழும். எனவே, மலையொன்று அசைந்து எழுந்ததுபோல் அது தோன்றும்போது நமக்கு உண்டாகும் அச்சமும் மருட்கையும் பல மடங்காகின்றன. அதன் உடலே ஏறவேண்டிய மலை. உரோமத்தைப் பற்றியபடி, அது உடலை உதறும்போதெல்லாம் பிடியை இறுக்கி, கைவலு தீருமுன் உயிர்நிலையை அடைந்து வாளைப் பாய்ச்சவேண்டும். பற்றியிருப்பதற்கு ஆடுபவரும் பொத்தானொன்றை விடாது அழுத்தியிருக்கவேண்டும். வாண்டரின் களைப்பை நம் விரலிலும் உணரச் செய்த இந்த உத்தி எளியது, ஆயினும் பெரிது.

பின்னர் பேருருவம் சாய்கிறது. வெற்றி முழக்கம் எழவேண்டிய அவ்விடத்தில் எழுவது இரங்கற்பா போன்ற இசை. பெருமிதம் தோன்றவேண்டிய உள்ளத்தில் அழுகை தோன்றுகிறது. கும்பகருணன் வீழும் இடத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் இவ்வுணர்வை நன்கறிவர். ஐந்தாவதான பறவையுரு ஏரி நடுவே தூணொன்றில் அமைதியாக அமர்ந்திருக்கும். அம்பெய்து அதனைச் சினமூட்டுபவர் நாமே. பதின்மூன்றாவது, பாலைவெளியின் மேல் நீந்துவதுபோற் பறக்கும் நெடிய உரு. அது நம்மை ஒருபோதும் தாக்குவதில்லை. என் மருமகன் அதனை வீழ்த்தியதும் கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இது என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டான். இக்கேள்வியை எழுப்பும் போர்க்கதைகள் நூல்களிலும் மிகுதியாக இல்லை.

குறைகளும் உள. கமரா அடிக்கடி நம் விருப்புக்கு மாறாகத் திரும்பி, காணவேண்டியதை மறைத்துவிடும். மூலக் கருவியின் ஆற்றலுக்கு மிஞ்சிய காட்சிகளாதலின், போர் உச்சத்தில் படம் தட்டுத்தடுமாறி ஓடும். இவற்றைக் கலைநயமென்று பாராட்டும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை, குறை குறையே. 2011இல் பிளேஸ்டேசன் 3இற்கு வந்த பதிப்பிலும், 2018இல் பிளேஸ்டேசன் 4இற்காகப் புளூபொயின்ற் நிறுவனம் புதிதாக ஆக்கிய பதிப்பிலும் ஓட்டம் சீர்பெற்றது. அக்ரோ கடிவாளத்துக்கு உடனே இணங்காதது வேறு வகை. அது பொறியன்று, உயிர் என்ற எண்ணம் அப்பிணக்கத்தாலேயே நம்முள் வேரூன்றுகிறது. இறுதிப் போருக்குச் செல்லும் வழியில் இடியும் பாலத்திலிருந்து வாண்டரைக் காத்துத் தான் பள்ளத்தில் விழும்போது, ஒரு தோழரை இழந்தவராகவே நாம் நிற்கிறோம்.

வேறொரு குறை இன்னும் ஆழமானது. மோனோ என்ற பெண்ணைப்பற்றி நாம் ஏதும் அறியோம். அவள் பேசுவதில்லை, அவளுக்கும் வாண்டருக்கும் என்ன உறவு என்பதும் சொல்லப்படவில்லை. இத்தனை உயிர்களுக்கு ஈடாக வைக்கப்படுபவள், பீடத்திற் கிடத்திய உருவமாகவே ஏறக்குறைய கதை முழுவதும் இருக்கிறாள். தராசின் ஒரு தட்டு நிறைந்திருக்க, மறுதட்டு வெறுமையாகத் தொங்குகிறது. கொல்லாது விடும் வழியொன்றும் ஆடுபவருக்கு இல்லை. தெரிவே இல்லாதவிடத்துக் குற்றவுணர்வு நியாயமானதா என்று கேட்பாருளர். கைக்கருவியைக் கீழே வைக்கலாமே என்பது அவர்க்கு நான் கூறும் விடை. என் மருமகன் வைத்தான். மறுநாள் மீண்டும் எடுத்தான்.

ஒவ்வொரு கொலையின் பின்னும் கரிய இழைகள் வாண்டரின் உடலுட் புகுந்தன. அவன் முகம் வெளிறியது. தலையிற் கொம்பு முளைத்தது. ஈற்றில், கோயிலின் கடைக்கோடியிலுள்ள குளத்தை நோக்கிச் சுழற்காற்று அவனை இழுக்கிறது. மோனோ கிடக்கும் பீடமோ எதிர்ப்புறத்தில். அப்பொழுதும் அவனை இயக்குபவர் நாமே. ஓடலாம், விழலாம், படிகளைப் பற்றித் தொங்கலாம். பீடத்தை மட்டும் அடைய முடியாது. முதற் பேருருவத்தின் மேல் ஏறியபோது அழுத்திய அதே பொத்தானை, கைவலு தீரும்வரை, விரல் நோவ அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.