பச்சைத் தலை மைல்கல்

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற சாலையில் மைல்கற்களின் தலையில் பச்சை அடித்திருக்கும். மாநில நெடுஞ்சாலை என்பதற்கு அதுதான் அடையாளம். இதன் எண் 142. தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள். பெரம்பலூரை ஒட்டிப் போகும் சென்னை–திருச்சி சாலையில் அதைப் பார்க்கலாம்.

குழி விழுந்தால் யாரைக் கேட்பது என்று அந்த நிறமே சொல்லிவிடும். மஞ்சள் என்றால் ஒன்றிய அரசின் சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை. மாவட்டச் சாலைகளும் அந்தத் துறையிடம்தான். ஊருக்குள் பிரிகிற கிராமச் சாலை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றிய அலுவலகத்துக்குப் போகவேண்டிய மனுவை நெடுஞ்சாலைத் துறையில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு புகார் அனுப்பலாம். கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்து எழுதினால் இடம் தேடி அலையவேண்டியிருக்காது.

அரியலூர்ப் பக்கச் சாலைகளின் தொல்லை வேறு. அங்கே சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஓர் அச்சின் மீது விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு லாரி, ஆயிரக்கணக்கான பைக்குகள் செய்யாததைச் செய்துவிடும்.

துறையூர் சாலையில் தொல்லை, அதன் மேலேயே காயவைக்கும் மக்காச்சோளம். சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். குரும்பலூர், நக்கசேலம் என்று வழியெல்லாம் விவசாய ஊர்கள். மக்காச்சோளத்திலும் சின்ன வெங்காயத்திலும் மாநிலத்தில் முன்னணியில் இருக்கும் மாவட்டம் பெரம்பலூர். வெங்காயத்தைக் காட்டிலேயே பட்டறை போட்டு வைத்துவிடலாம். மக்காச்சோளம் அப்படியில்லை. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்காவிட்டால் வியாபாரி விலையைக் குறைப்பார். நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு; ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். களம் போதாத ஊரில் வெயிலில் நன்றாகச் சூடேறுகிற இடம் தார்ச்சாலைதான். அறுவடை முடிந்ததும் பாதிச் சாலையில் மஞ்சளாகப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைப்பார்கள். மாலையில் சோளத்தை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள்.

அந்தக் கல்லும் குவியலும் இருட்டில் தெரியாது. சிதறிய மணியில் பைக் சக்கரம் வழுக்கும். விவசாயியைத் திட்டி என்ன பயன்? ஊருக்கு ஊர் போதுமான உலர்களம் கட்டாதவரை சோளம் சாலைக்குத்தான் வரும். சாலையை அகலப்படுத்தும்போதே அதற்கும் பணம் ஒதுக்கியிருக்கலாம். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள்.