கூடியிருந்து கேட்டல்

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனதன் பின்னர், சில ஆண்டுகள் நாங்கள் பாட்டுக் கேட்ட விதத்தை இக்காலப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால், அவர்கள் அதனைக் கட்டுக்கதை என்றே எண்ணுகின்றனர். அக்காலத்தில் பற்றரி கொண்டுவருவதற்கும் தடை இருந்தது. ஆதலின், சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளைக் கசெற் பெட்டிக்கு இழுத்து, ஒருவன் மிதியைக் கையாற் சுழற்ற, ஏனையோர் சுற்றிவர அமர்ந்து கேட்போம். சுழற்றுபவனின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்துவிடும். கைவலி கண்டவன் எழும்ப, அடுத்தவன் அவ்விடத்தில் அமர்வான். சுழற்றுபவன் கேட்கும் கசெற்றே போடப்படும் என்பது எங்கள் முற்றத்தின் எழுதாச் சட்டம். கை மாறினாற் பாட்டும் மாறும்.

இப்பழங்கதையை நினைவூட்டியவர்கள் எங்கள் கல்லூரிக் கணினிக் கழக மாணாக்கர் ஐவர். கல்லூரிக் கண்காட்சிக்கென அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், கைத்தொலைபேசியிற் பாட்டுக் கேட்கும் செயலியில், வெவ்வேறிடங்களில் இருப்போர் ஒரே வேளையிற் சேர்ந்து கேட்பதற்கான ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தல் என்பதாகும். நான் தமிழ் கற்பிப்பவன். கணினி என் துறையன்று. எனினும், பொறுப்பாசிரியர் விடுமுறையில் நின்றமையால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. விழுந்ததன் பயனாகச் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு காலத்தில் வாசிகசாலை வானொலியின் முன் ஊரே கூடியிருந்து கேட்டது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் இருந்து, செவிகளை அடைத்துக்கொண்டு, நான்கு பாடல்களைக் கேட்கின்றனர். இக்குறையைச் செயலிகளை ஆக்கியோரும் உணராமலில்லை. அவர்கள் செய்த முயற்சிகளுள் வென்றவற்றிலும் பார்க்கத் தோற்றவையே எனக்குச் சுவையாகத் தோன்றின. அப்பிள் நிறுவனம் 2010 செப்ரெம்பரில் 'பிங்' என்னும் பெயரால் இசையன்பர் வலையொன்றைத் தொடங்கி, 2012 செப்ரெம்பரில் மூடிவிட்டது. நண்பர் எப்பாட்டை வாங்கினார், எதனை மெச்சினார் என்று அது அறிவித்ததேயன்றி, அவரோடு இருந்து கேட்க வழி செய்யவில்லை. கடைக்காரர் அடுத்த வீட்டாரின் கொள்வனவுப் பட்டியலை நம்மிடம் வாசித்துக் காட்டுவது போன்றதே அது.

2011 இல் அமெரிக்காவில் எழுந்த 'ரேண்ரேபிள்' என்னும் தளம் இதனினும் உயிர்ப்புள்ளது. திரையில் ஒரு மண்டபம். மேடையில் ஐந்து இருக்கைகள். இருக்கை பிடித்தோர் முறைவைத்து ஒவ்வொரு பாட்டாக இடுவர். கீழே நிற்போர் சிறு பொம்மைகளாகத் தோன்றி, பிடித்திருந்தால் தலையசைப்பர். பிடிக்காதோர் தொகை மிகுந்தால் அப்பாட்டு இடையிலேயே நின்றுவிடும். எங்கள் சைக்கிள் முற்றத்தைக் கண்ணாடியிற் பார்ப்பது போலிருந்தது எனக்கு. ஆயினும் இசையுரிமைச் சிக்கலால் அமெரிக்காவுக்கு வெளியே உள்ளோர்க்கு விரைவிலேயே அதன் கதவு அடைபட்டது. 2013 டிசெம்பரில் அதுவும் மூடப்பட்டது. பின்னர் 2021 இல் மீண்டும் தலைகாட்டியது.

சுவீடனிற் பிறந்து 2021 இல் நம் நாட்டுக்கும் வந்த ஸ்பொட்டிஃபை, நோய்த்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடங்கியிருந்த 2020 மே மாதத்திலே குழுவாய்க் கேட்கும் வசதியை வெள்ளோட்டம் விட்டது. முதலில் ஓரிடத்தில் இருப்போர்க்கே அது பயன்பட்டது. யூலையில், தொலைவில் இருக்கும் ஐவர் வரை சேரலாம் என்றாயிற்று. 2023 செப்ரெம்பரில் 'ஜாம்' என்ற பெயருடன் வந்த ஏற்பாட்டில் முப்பத்திரண்டு பேர் வரை கூடலாம். யாவரும் வரிசையிற் பாட்டுச் சேர்க்கலாம். எதனை யார் சேர்த்தார் என்பதும் தெரியும். வரிசையை மாற்றும் உரிமை கூட்டத்தைத் தொடங்கியவருக்கு உண்டு. தொடங்குபவர் மாத்திரமன்றி, தொலைவிலிருந்து சேர்பவரும் சந்தா செலுத்தியவராய் இருத்தல் வேண்டும் என்பது அப்போது விதிக்கப்பட்ட நிபந்தனை.

நிற்க. பாட்டு எவ்வாறு இரண்டு ஊர்களில் ஒரே வேளையில் ஒலிக்கிறது? இங்கே ஒலிக்கும் பாட்டே கம்பி வழியாக அங்கே ஓடுகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அஃது அவ்வாறன்று. ஒவ்வொருவரின் தொலைபேசியும் பாட்டின் தன் படியை நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து தானே பெற்றுக்கொள்கிறது. தொலைபேசிகள் ஒன்றுக்கொன்று அனுப்புவது, "இன்ன பாட்டு, இத்தனையாவது செக்கன்" என்ற சிறு குறிப்பொன்றே. அக்குறிப்புப் பயன்பட வேண்டுமானால் இருவர் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். அதற்கு, 'மணி என்ன?' என்று பொதுக் கணினியைக் கேட்டு, வினா போய் விடை வந்த நேரத்தை அளந்து, அதிற் பாதியை வழிச்செலவாகக் கொண்டு, கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் 1985 இல் வெளியிட்ட நேர ஒழுங்குமுறை இவ்வகைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்வழியே 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே, எந்தச் செய்தியும் 0.06 செக்கனுக்குக் குறையாமலே போய்ச் சேரும். சேர்ந்து பாடுவோர்க்கு இது பெருந்தடை, தாளம் கெட்டுவிடும். சேர்ந்து கேட்போர்க்கோ இதனால் இடரில்லை.

ஆனால், கேட்டுக்கொண்டே கதைக்க விரும்பினால் இடர் உண்டு. மாணவர் இருவர் தொலைபேசியிற் கதைத்தபடி பரீட்சித்தபோது, மற்றவன் பக்கத்துப் பாட்டு பேச்சோடு கலந்து எதிரொலியாய் வந்து அலைத்தது. அதன்பின், ஒருவர் வாய் திறந்ததும் இருவர் பக்கத்திலும் பாட்டுத் தணியும்படி அமைத்தனர். பாட்டுக்கு நடுவிற் கதைப்பவனை எங்கள் முற்றத்தில் தலையிற் குட்டுவோம். செயலிக்கு அவ்வசதி இல்லை.

அடுத்த வழக்கு, விருப்ப வாக்கை எல்லார்க்கும் தெரியக் காட்டலாமா என்பது. காட்டினாற் கலகலப்பு மிகும் என்றான் ஒருவன். இவ்விடத்தில், 2006 இல் 'சயன்ஸ்' இதழில் சல்கானிக், டொட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேர் முன் வைத்தனர். ஒரு பகுதியார் பிறர் தெரிவை அறியாமற் கேட்டனர். ஏனையோர் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தில் எப்பாட்டை எத்தனை பேர் எடுத்தனர் என்பதைக் கண்டனர். பிறர் தெரிவை அறியாதோர் இருபத்தாறாவது இடத்தில் வைத்த ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடமும் மற்றோர் உலகில் நாற்பதாம் இடமும் பெற்றது! முன்னே போனவர் எடுத்ததையே பின்னே வந்தவரும் எடுத்தமையால் விளைந்த வேறுபாடு இது. இதைக் கேட்டபின், பாட்டு முடியும்வரை வாக்குத் தொகையை மறைத்தே வைப்பதென்று ஐவரும் உடன்பட்டனர். தெரிவைப் பொறுத்தவரை சைக்கிள் சட்டமே நிலைத்தது: ஒருவருக்கு ஒரு பாட்டு, பின் அடுத்தவர். தொடங்கியவருக்கென்று தனிச் செங்கோல் இல்லை.

இவற்றையெல்லாம் விட நீண்டு சென்றது வேறொரு வாதம். நான் கேட்பது பிறருக்குத் தெரியலாமா?

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2011 செப்ரெம்பரில் ஸ்பொட்டிஃபை முகநூலோடு இணைந்தபோது, இணைப்பை ஏற்றவர் கேட்ட பாடல்கள் உடனுக்குடன் நண்பர்களின் பக்கத்தில் ஓடத் தொடங்கின. முறைப்பாடுகள் எழுந்தமையால், சில நாட்களுள் மறைவாகக் கேட்கும் வசதி சேர்க்கப்பட்டது. முதலிற் கதவைத் திறந்துவிட்டுப் பின்னர் திரைச்சீலை தொங்கவிட்ட கதை இது. எனினும், வரலாறு சொல்லி இவ்வாதத்தைத் தீர்க்க எனக்கு வேலையிருக்கவில்லை.

ஐவருள் ஒருவன் தந்தையை இழந்தவன். தந்தை வேலை செய்யும்போது முணுமுணுக்கும் பழம்பாட்டு ஒன்று உண்டாம். அதனை அவன் பல இரவுகள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். எச்செயலி என்பது இங்கு வேண்டாம். அதிலே நண்பர் பட்டியலில் அது தெரிந்துகொண்டே இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. வகுப்பிலே சிலர் அப்பாட்டின் முதற்சொல்லையே அவனுக்குப் பட்டப்பெயராக்கினர். காரணத்தை அறிந்திருந்தால் அவர்கள் அவ்வாறு செய்திருக்கமாட்டார்கள் என்றே நம்புகின்றேன். நானோ அதே வகுப்புக்கு நாள்தோறும் சென்று, அப்பெயரைக் காதாற் கேட்டும், பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிட்டவன்.

"முதலிலே மூடித்தான் இருக்கவேணும், சேர். விருப்பமெண்டால் அவனவன் திறக்கட்டும்" என்றான். மற்றொருவன், எல்லாரும் மூடிவைத்தால் யார் யாரோடு சேர்வது, கண்காட்சியில் வெறுந்திரையையா காட்டுவது என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிறர் என்ன கேட்கின்றனர் என்று அறிவதாலன்றோ உரையாடல் தொடங்குகிறது? ஈற்றில் அவர்கள் கண்ட வழி இது: கேட்பது எவர்க்கும் தானாகத் தெரியாது, அழைப்பு மாத்திரம் செல்லும், அழைத்தவரும் ஏற்றவரும் கேட்கும் பாட்டே அவ்விருவர்க்கும் தெரியும், கூட்டம் கலைந்ததும் பட்டியலும் அழியும். அழைப்பை மறுத்தாரா, காணவில்லையா என்பதும் அழைத்தவருக்குக் காட்டப்படமாட்டாது. இக்கடைசி விதியை எழுதியவன் அம்மாணவனே. இன்று அவன் அப்பாட்டைக் கேட்கிறானா என்று நான் விசாரிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல்நாள், மாதிரியைப் பரீட்சிக்க ஒருவன் தன் அம்மம்மாவை அழைத்து வந்தான். ரொறன்ரோவில் அவனது அக்கா. இங்கே இரவு எட்டு மணி; அங்கே காலை பத்தரை. இசையுரிமைத் தொல்லை வேண்டாமென்று, கல்லூரி இசைக்குழு பாடிய பதிவொன்றை வைத்திருந்தனர். கணக்குத் திறக்கவோ கடவுச்சொல் எழுதவோ வேண்டாதபடி, ஒரேயொரு பொத்தான். அம்மூதாட்டி அதனை அமுக்கிவிட்டு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மறுமுனையிலும் பேச்சில்லை. மாணவர்கள் என்னைப் பார்த்தனர். பேச்சு வந்தாற் பாட்டுத் தணியும் என்ற அவர்களது அரிய ஏற்பாட்டுக்கு வேலையே வரவில்லை.

பாட்டு முடிந்தது. சற்றுப் பொறுத்து அவர் தொலைபேசியைக் காதருகே கொண்டுபோனார்.

"அங்கையும் முடிஞ்சுதோ, பிள்ளை?"

"ஓம் அம்மம்மா, இப்பத்தான் முடிஞ்சது."

"அப்ப இன்னொருக்காப் போடு."

மீண்டும் போடுவதற்குப் பொத்தான் வைக்க ஐவருள் ஒருவரும் நினைக்கவில்லை. அன்றிரவு பத்து மணிவரை கணினியறையில் விளக்கு எரிந்தது.