எங்கள் வாசலின் இலையுதிர் காலம்

இலையுதிர் காலம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நம் இராமநாதபுரம் கடற்கரையில் அதைக் கண்டவர் யார்? பனை என்றும் பனையாகவே நிற்கிறது. சீமைக் கருவேல் எந்த வெயிலுக்கும் அஞ்சுவதில்லை. அப்படியிருக்க, நூலால் இலையுதிர்கால இலைகளைப் பின்னி வீட்டை அலங்கரிப்பது பற்றி நான் எழுத முன்வந்தது நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

என் தந்தை பாம்பனில் விசைப்படகுக்குச் செல்லும் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் எங்கள் வீட்டில் ஓயாமல் இயங்குவது அம்மாவின் குரோஷா ஊசி ஒன்றுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, தையல் வகுப்பில் இக்கலையைக் கற்றவர்.

குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அப்பா வலை பின்னும்போது முடிச்சுப் போடுகிறார். அம்மா வளையத்துக்குள் வளையத்தை இழுக்கிறார். வலையில் ஒரு கண் அறுந்தாலும் மற்றவை நிற்கும். குரோஷாவிலோ கடைசி வளையத்தைக் கட்டாமல் விட்டால், ஓர் இழுப்பில் முழுவதும் பிரிந்துவிடும். தவறைத் திருத்தவும் அதுவே வசதி! அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது பல ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த ஊசிதான். அங்கும் பூவையும் இலையையும் தனித்தனியே பின்னிப் பிறகு இணைத்தார்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஆங்கில மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து மேப்பிள் இலைத் தோரணம் ஒன்று பின்னினோம். வாசலில் கட்டியதும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "என்னம்மா, பப்பாளி இலையைப் பின்னி வச்சிருக்கீங்க?" என்றார். இன்னொருவர் ஆமணக்கு என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலை வாசல் பெருக்கும்போதுதான் என் கண் திறந்தது. துடைப்பத்தின் முன்னே செக்கச்செவேலென்று கிடந்தன, எங்கள் நாட்டு வாதுமை மரத்தின் இலைகள்! பாதாம் மரம் என்று நாம் அழைக்கும் இம்மரம், உதிரும் முன் இலைகளைச் சிவப்பும் செம்மஞ்சளுமாக மாற்றிவிடும். பக்கத்திலுள்ள பூவரசோ மஞ்சளாகப் பழுத்து உதிர்கிறது. நாள்தோறும் குப்பையில் கொட்டியதையா அயல்நாட்டுப் புத்தகத்தில் தேடினோம்!

"இலை ஏன் சிவக்குது? நீ அதைத்தானே படிக்கிறே?" என்று அம்மா கேட்டார். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இலை மூப்படையும்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் புதிதாக உண்டாகிறது. இதற்கிடையில் இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளில் பெரும்பகுதியை மரம் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. காம்பின் அடியில் உதிர் அடுக்கு உருவாகி, இலை விழுகிறது. "அப்போ, இருக்கிறதையெல்லாம் கொடுத்துட்டுத்தான் விழுதா?" என்றார் அம்மா. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்ற பழமொழியை அன்று வேறு பொருளில் உணர்ந்தேன்.

இனி செய்முறை. வாதுமை இலை காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் அகன்றது. முதலில் 16 செயின் போடுக. ஊசியை ஒட்டிய முதல் செயினை விட்டுவிட்டு, அடுத்தவற்றில் 4 சிங்கிள், 6 டபுள், 4 டிரிபிள் போடுக. கடைசிச் செயினில் மட்டும் 7 டிரிபிள் போட்டால் அகன்ற நுனி வளைந்து வரும். பின்பு செயினின் மறுபக்கத்தில் அதே கணக்கைத் திருப்பி 4 டிரிபிள், 6 டபுள், 4 சிங்கிள் போட்டு முடித்து, 8 செயினில் காம்பு விடுக. சில இலைகளைச் சிவப்பிலும், சிலவற்றைச் செம்மஞ்சளிலும், ஒன்றிரண்டைப் பச்சையிலும் பின்னினால் மரத்தடியே வாசலுக்கு வந்துவிடும்.

பின்னிய இலைகளைக் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் தோய்த்துப் பிழிந்து, பலகையில் விரித்து, ஊசி குத்தி, நிழலில் உலர்த்த வேண்டும். நம் உப்புக்காற்றில் இரும்புக் குண்டூசி துருப்பிடித்து நூலில் கறை ஏறும். பித்தளை ஊசியே நல்லது. மழைக்காலத்தில் கஞ்சி காயாமல் பூசணம் பிடிக்கும். சித்திரை, வைகாசியே ஏற்ற காலம்.

இறுதியாக ஒரு கணக்கு. ஓர் இலைக்கு 25 நிமிடம். 21 இலைகள் கொண்ட தோரணத்துக்கு ஏறத்தாழ 9 மணி நேரம். ஒரு கடைக்காரர் 150 ரூபாய் தருவதாகச் சொன்னார். நூலுக்கு 60 ரூபாய் போனால், மணிக்குப் பத்து ரூபாய்! "சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே" என்பது அவர் வாதம். ஆந்திரத்தின் நரசாபூரில் குரோஷா பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கே உழைக்கும் அப்பெண்கள் வெறும் இல்லத்தரசிகள் எனக் கருதப்படுவதால்தான் அவர்கள் கூலி குறைகிறது என்பதை அது காட்டுகிறது. நரசாபூர் தொலைவில் இல்லை. எங்கள் திண்ணையிலேயே இருக்கிறது.

இக்கணக்கைத் தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தார். கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. 350 ரூபாய் என்று சீட்டு ஒட்டி வாசலிலேயே தொங்கவிட்டோம். இதுவரை ஒன்றுதான் விற்றிருக்கிறது. ஆனால் இப்போது அம்மா ஊசியை எடுக்கும்போது, "மணி என்ன, பார்த்துச் சொல்லு" என்கிறார்.

நண்பர்களே, நம் வீடுகளிலும் இப்படி எண்ணப்படாத உழைப்பு எத்தனையோ உண்டு. நாம் கற்ற கல்வியைக்கொண்டு முதலில் அதை எண்ணிப் பார்ப்போம்!

— இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்