மெழுகில் உறைந்த முகங்கள்

1888ஆம் வருஷம் எகிப்து தேசத்து ஃபாயூம் பிரதேசத்தில், ஹவாரா என்னும் இடத்திலே ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்றை அகழ்ந்துகொண்டிருந்த பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், பதம் செய்யப்பட்ட சடலங்களின் முகத்துக்கு நேரே துணிச் சுற்றுகளுக்கிடையில் செருகியிருந்த மெல்லிய மரப்பலகைகளை வெளியே எடுத்தபோது, ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஸ்திரீ புருஷர்களின் முகங்கள் வர்ணம் மங்காமல் அவற்றில் எழுதப்பட்டிருக்கக் கண்டார். இத்தகைய சித்திரங்கள் இன்று சுமார் 900 அறியப்பட்டிருக்கின்றன; அவற்றில் மிகச் சிறந்தவை பலவும், தேன்மெழுகை உருக்கி வர்ணப்பொடியைக் குழைத்துத் தீட்டியவை.

இவற்றைத் தூரத்திலிருந்து பார்ப்பது வேறு. கிட்டே போய்ப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பது வேறு. கன்னத்தின் வளைவை அனுசரித்து இழுத்த குட்டைக் குட்டையான மெழுகு வரிகள், ஆடையின் மடிப்பில் தூரிகையின் நீண்ட தடங்கள், காதணியின் முத்துக்குத் தடிப்பாக வைத்த ஒரு வெள்ளைப் பொட்டு என்று மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்தப் பரப்பில் வெளிச்சம் ஏறியிறங்குவதனால்தான் அம்முகங்களுக்கு அவ்வளவு ஜீவகளை உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம்.

மெழுகுக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? எண்ணெய் வர்ணம் உலர்கிறது என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு ரசாயன மாறுதல். ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள பிராணவாயு தாக்க, அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப்படுகின்றன. அதற்கு நாட்கள் செல்லும், பிற்பாடு மஞ்சளும் பாரிக்கும். தேன்மெழுகிலோ பெரும்பகுதி, நீண்ட கரிச்சங்கிலிகளையுடைய எஸ்டர்கள். அவற்றில் முக்கியமான ஒன்றின் மூலக்கூறில் 46 கரியணுக்கள் இருக்கின்றன. இரட்டைப் பிணைப்பு அரிதாகையால் பிராணவாயுவுக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஏறக்குறைய 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும் மெழுகு, உஷ்ணம் நீங்கினால் உறைகிறது, மறுபடி சுட்டால் மறுபடி இளகுகிறது, அவ்வளவே.

இந்த எளிய உண்மையைச் சித்திரக்காரன் நூறு விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். குளிர்ந்த பலகையில் விழுந்த உருகிய சொட்டு, பரவ அவகாசமின்றி மணியாகத் திரண்டு நிற்கும். அதே சொட்டு சற்றுச் சூடேற்றிய பலகையில் விழுந்தால் வழிந்து சமனாகி மினுங்கும். முழுவதும் உறைவதற்கு முன் மெழுகு, கத்தி முனைக்கு வளைந்துகொடுக்கும் ஒரு நிலையைக் கடக்கிறது. அப்போது கீறலாம், சுரண்டலாம், கீழ்ப்படையிலுள்ள வேறு வர்ணத்தை வெளிக்கொணரலாம். மெழுகு மட்டும் தனியே மிருதுவாக இருப்பதால் டாமர் என்னும் பிசினை, வழக்கமாக எட்டுக்கு ஒரு பங்கு என்ற அளவை ஒட்டிச் சேர்ப்பார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்ப்பதற்கு முன் மெழுகு உருவம் பிடிக்கையில் குங்கிலியம் கலப்பதும் அதே உறுதியை நாடித்தான்.

கப்பல்களுக்கு மெழுகு வர்ணம் பூசினால் வெயிலும் உப்பும் காற்றும் அதைக் கெடுப்பதில்லை என்று எழுதிவைத்த ரோமானிய அறிஞர் பிளினி, செய்முறையைச் சொல்லும் இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டிவிட்டார். அதன் பலனாக, 1755ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் கேலுஸ் பிரபு அந்தப் பழைய செய்முறையை மீட்கத் தாம் பரிசோதித்த முறைகளை வெளியிட, தீதரோ என்னும் தத்துவ ஞானி எதிர்நூல் எழுதினார்.

நம் காலத்தில் மெழுகுச் சித்திரத்துக்குப் புத்துயிர் அளித்தவர்களில் அமெரிக்கரான ஜாஸ்பர் ஜான்ஸ் முதன்மையானவர். 1954–55இல் தம் நாட்டுக் கொடியை வரையத் தொடங்கிய அவர், எனாமல் வர்ணம் உலரத் தாமதித்ததால் மெழுகுக்கு மாறினார். ஒரு தீட்டல் உறைந்தபின் அடுத்தது அதன்மேல் விழுந்தாலும் முந்தியது கலையவில்லை; அடியில் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் மெழுகினூடே மங்கலாகத் தெரிய, ஒவ்வொரு கைவீச்சும் தனித்தனியே பதிந்துநின்றது. எண்ணெயில் இவ்வளவு விரைவில் இது சாத்தியமில்லை என்றே சொல்லவேண்டும்.

செய்து பார்க்க விரும்புவோர் தொய்யும் துணியை விட்டு மரப்பலகையை எடுத்துக்கொள்வது நலம். உறைந்த மெழுகு வளைந்தால் வெடிக்கும். நேரே நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கவேண்டும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். அளவுக்கு மீறிக் காய்ந்த மெழுகின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஒவ்வொரு புதுப் படையையும் சூடு காட்டிக் கீழ்ப்படையோடு இணைக்காவிட்டால் பிற்காலத்தில் பொருக்காக உதிரும். சில மாதங்களில் மேலே வெண்மையாக ஒரு பூப்பு படர்ந்தால் பூஞ்சணம் என்று கலங்கவேண்டாம். மெழுகின் உட்கூறுகள் சிலவே மேலெழுந்து படிகமானவை அவை, மெத்தென்ற துணியால் தேய்த்தால் போய்விடும்.