எட்டாத இடத்துக்கே எவர்சில்வர்

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடிக்கும். உப்பு மெல்ல ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் துரு கிளம்புகிறது. இரும்பு இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் துருவுக்குத் தேவைப்படுவதால், கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. அப்படியானால் துருப்பிடிக்காத எஃகையே போட்டுவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். நம் ஊரில் அந்த எஃகுக்குப் பஞ்சமில்லை. மாடிப்படிக் கைப்பிடி, பால்கனித் தடுப்பு, வாசல் கேட், லிஃப்ட் கதவு என்று கண்ணில் படும் இடமெல்லாம் எவர்சில்வர்தான். ஆனால் கைப்பிடி துருப்பிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம்; அரை நாள் வேலை. மண்ணுக்கடியில் போகும் குடிநீர் இணைப்பையோ, கடலில் நிற்கும் தூணின் உட்கம்பியையோ அப்படிச் சரிசெய்ய முடியாது. பழுது வந்தால் கை எட்டாத அந்த இடங்கள்தான் இந்த விலை கூடிய உலோகத்துக்கு உரியவை. நாம் அதைப் பெரும்பாலும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெக்சிகோவின் யூகடான் கரையில் புரோக்ரெசோ என்றொரு துறைமுகம் இருக்கிறது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் கிட்டே வர முடியாது. எனவே 1937 முதல் 1941 வரை, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் ஒரு கான்கிரீட் துறைமேடையை நீட்டினார்கள். வடிவமைத்தது டென்மார்க்கின் கிறிஸ்டியானி - நீல்சன் நிறுவனம். வெக்கை, ஈரம், உப்புக்காற்று மூன்றும் சேர்ந்த இடம். உள்ளூரில் கிடைத்த ஜல்லியோ சுண்ணாம்புக்கல். அதனால் 200 டன்னுக்கு மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை உள்ளே வைத்தார்கள். 1990-களின் இறுதியில் ஆராய்ந்தபோது, பெரிய பழுதுபார்ப்பு எதுவும் இல்லாமலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே, பல ஆண்டுகள் கழித்துச் சாதாரணக் கம்பி போட்டுக் கட்டிய இன்னொரு மேடையில், தண்ணீருக்கு மேல் தூண்களின் மிச்சம்தான் நின்றது. இரண்டின் வடிவமைப்பும் ஒன்றல்ல என்பதால், வித்தியாசம் முழுவதையும் கம்பியின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் அதே கடல், அதே காற்று. 1914 முதல் உப்புக்காற்றோடு போராடிய பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சேர்க்கப்பட்டிருக்கிறது. பாலம் முழுக்க இதைப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அலையும் சாரலும் அடிக்கும் பகுதிக்கு மட்டும் போட்டாலே போதும். இதைச் சாதாரணக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் சாதாரணக் கம்பி வேகமாக அரித்துப்போகும் என்று பொறியாளர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மைக்குள் இரண்டு கம்பிகளுமே பாதுகாப்பு நிலையில் இருப்பதால், அந்த ஆபத்து பெரிதல்ல என்று சோதனைகள் காட்டியுள்ளன.

தண்ணீருக்கு வருவோம். குடிநீர்க் கசிவு என்றதும் தெருவில் உடைந்து பீய்ச்சும் பெரிய குழாய்தான் நினைவுக்கு வரும். டோக்கியோவில் கணக்கெடுத்தபோது, பழுதுகளில் மிகப் பெரும்பகுதி, தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் சிறிய இணைப்புக் குழாயில்தான் இருந்தது. அன்று அவை ஈயக் குழாய்கள். 1980 வாக்கில் தொடங்கி, அவற்றைத் தோண்டியெடுத்துத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1998 முதல் இன்னொரு திருத்தமும் வந்தது: குழாயின் சில பகுதிகளை அலை அலையாக நெளித்துவிடுவது. அந்த இடங்களில் குழாயைக் கையாலேயே வளைக்கலாம். எல்போ வேண்டாம், இணைப்பு குறைகிறது; கசிவு தொடங்குவதே இணைப்பில்தான். நிலம் அதிர்ந்தாலும் குழாய் நெளிந்து கொடுக்கும். 1980-ல் சுமார் 15 சதவீதமாக இருந்த கசிவு, 2013-ல் சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது. அதே காலத்தில் தெருக்குழாய்களையும் மாற்றினார்கள், இரவில் கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் நடந்தது. ஆகவே இந்தப் பெருமை முழுவதும் எஃகுக்குச் சேராது. ஆனால் பழுது குவிந்திருந்த இடத்தில் மிக நல்ல பொருளைப் போட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை. நம் நகரங்களில் இது இன்னும் முக்கியம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊரில், அழுத்தம் இல்லாத நேரத்தில் ஓட்டைக் குழாய் சுற்றியுள்ள சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

“பிளாஸ்டிக் குழாயும் துருப்பிடிக்காதே, விலையும் குறைவாயிற்றே?” என்பது நியாயமான மறுப்பு. நல்ல பாலிஎத்திலின் குழாயைச் சரியாகப் பதித்தால் பல இடங்களில் அதுவே போதும். ஆனால் பெட்ரோல், டீசல் கசிந்த மண்ணில் அவை பிளாஸ்டிக் சுவர் வழியாகவே தண்ணீருக்குள் ஊடுருவும். உலோகச் சுவரில் ஊடுருவாது. அதோடு, நெரிசலான தெருவில் ரோட்டை வெட்டி, போக்குவரத்தைத் திருப்பி, பதித்து, மறுபடி தார் போடும் செலவு எந்தக் குழாய்க்கும் ஒன்றுதான். ஒரு முறைக்கு இரண்டு முறை தோண்ட நேர்ந்தால், குழாயில் மிச்சம் பிடித்த பணம் பள்ளத்திலேயே போய்விடும்.

“எங்கள் வீட்டு எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டதே” என்பவர்களும் பொய் சொல்லவில்லை. இந்த எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும், சில நானோமீட்டரே தடிமன் உள்ள ஒரு படலம். கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிக்குத்தாகத் துளைக்கும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-ல் கூடுதலாக 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம், குளோரைடைத் தாங்குவதற்காக. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை மலிவானது, பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். அந்தச் சோதனை உதவாது. 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. நல்ல துருப்பிடிக்காத எஃகான 430-ல் ஒட்டும். சாதாரண வெப்பநிலைத் தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304, ஆயிரம் வரை 316 என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் பொது அளவு. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் 250 மில்லிகிராமை ஏற்கிறது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் ஆயிரம் வரை அனுமதிக்கிறது. ஆக, தர நிர்ணயப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே 304-ஐக் குத்தக்கூடும். கடல்நீர் ஏறிய நிலத்தடி நீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

என் வாதத்துக்கு மிகக் கடுமையான மறுப்பு சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் இருக்கிறது. 1985 மே 9 அன்று, கட்டி 13 ஆண்டுகளே ஆன உள்ளரங்கு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை சரிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கித் தொங்கியவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். குளத்துக் குளோரின் ஆவி அவற்றின் மேல் படிந்தது. தண்ணீர் பட்டுக் கழுவப்படாததால் நாளுக்கு நாள் செறிந்தது. இழுவிசையில் இருந்த கம்பி விரிசல் விட்டு அறுந்தது. அதுவும் கை எட்டாத இடம்தான். எட்டாத இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட முடியாது. அங்கே என்ன காற்று, என்ன தண்ணீர், எவ்வளவு இழுவிசை என்று தெரிந்த பிறகே போட வேண்டும். குளத்துக்கு மேலே பாரம் தாங்கும் இடத்தில் இன்று 304-ஐயோ 316-ஐயோ நம்புவதில்லை. மாலிப்டினம் 6 சதவீதம் அளவுக்குக் கூடிய ரகங்களைக் கேட்கிறார்கள், சோதித்துப் பார்க்கவும் வழி விடுகிறார்கள்.

ஆகவே டெண்டரில் “எஸ்.எஸ். குழாய்” என்று மட்டும் எழுதுவது ஆபத்து. தண்ணீரின் குளோரைடு அளவு, அதற்கேற்ற ரகம், ஆலையின் கலவைச் சான்றிதழ் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பழைய ஜி.ஐ. குழாயோடு சேரும் இடத்தில், இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாதபடி மின்காப்பு யூனியன் போடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஜி.ஐ. முனை சீக்கிரம் அரித்துப் போகும். வெல்டிங் வைத்த இடத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான வளையத்தை அமிலப் பசை தடவி எடுத்த பிறகே மண்ணைத் தள்ள வேண்டும். பாதுகாப்புப் படலம் கெட்டிருப்பது அந்த வளையத்தில்தான்.