கால்பந்தும் கம்பெனியும்

நாஞ்சில் நாட்டுக்காரனைக் கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் அவன் சற்றுத் தயங்குவான். வயல், வாழை, குளம், கோயில் திருவிழா, விருந்துச் சாப்பாடு ஆகிய விஷயங்களில் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வான். பந்து என்றால் மட்டும் மேற்கே கையைக் காட்டிவிடுவான். மேற்கே என்றால், குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அப்பால், இரையுமன்துறையிலிருந்து நீரோடி வரையில் உள்ள கடற்கரைக் கிராமங்கள். பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று அவை தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவ்வூர் ஆண்மக்கள் ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கரைக்கு வந்துவிட்டால் அவர்கள் காலில் பந்துதான்.

இரவிபுத்தன்துறையில் 1994-ஆம் வருஷம் பிறந்த மைக்கேல் சூசைராஜ் என்னும் ஆட்டக்காரரை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். சென்னை சிட்டி கழகத்தில் ஆடிப் பெயர் பெற்ற அவரை, 2018-இல் ஜாம்ஷெட்பூர் கழகத்தார் சேர்த்துக்கொண்டார்கள். மறு வருஷம் அவர் கல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவுக்குச் சென்றார். முதல் கழகம் டாட்டா இரும்புக் கம்பெனிக்குச் சொந்தம். இரண்டாவது, ஒரு பெரிய வியாபாரக் குடும்பத்தின் ஆதரவில் நடந்தது.

"இரும்பு காய்ச்சுகிற கம்பெனிக்குக் கால்பந்துக் குழு எதற்கு, சார்?" என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அன்று அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. சென்ற ஆண்டில் நேர்ந்த ஒரு சம்பவம் அதைப் பற்றி மேலும் யோசிக்கும்படி செய்தது.

ஒரு காகிதம் வந்தது

மேற்கே ஒரு கடற்கரை ஊரில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இருக்கிறான். இப்போது அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் காரியதரிசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்கு என்னைத் தேடி வந்தான். கையில் ஆறு பக்கக் காகிதம்.

"சாரே, ஒரு பெரிய கம்பெனி நம்ம கிளப்புக்கு மூணு வருஷத்துக்குப் பணம் தருதாம். சட்டை, பந்து, பூட்ஸ், கோச்சுக்குச் சம்பளம், எல்லாம் உண்டு. ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. எங்கேயோ இடிக்குது" என்றான்.

வாசித்துப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கங்களில் பாரிவள்ளல் தோற்றான். கிராம இளைஞர்களின் முன்னேற்றம், சமூகத் தொண்டு என்று வார்த்தைகள் மழையாகப் பொழிந்திருந்தன. மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. கழகத்தின் பெயருக்கு முன்னால் கம்பெனியின் பெயர் நிரந்தரமாகச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. அவர்களுடைய பாட்டன்மார் ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் பெயரைக் கழகத்துக்கு வைத்தவர்கள். அந்தப் பெயர் இனிக் கம்பெனிக்குப் பின்னால் நடந்து வர வேண்டும்!

பணம் கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் கை நீட்டுவதும் தவறு. கையை மடக்குவதும் தவறு. ஆகவே அவனுக்குச் சொன்ன கதைகளை நேயர்களுக்கும் சொல்கிறேன்.

முதலாளியும் தொழிலாளியும்

கம்பெனிகள் பந்தாட்டத்தில் இறங்கியதற்கு முதற்காரணம் விளம்பரமன்று, தொழிலாளிதான். லண்டன் நகரத்தில் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் இரும்பாலை ஒன்று இருந்தது. வேலைநிறுத்தங்களால் முதலாளிக்கும் தொழிலாளருக்கும் மனம் கசந்திருந்த காலத்தில், 1895-இல், அதன் அதிபர் ஆர்னால்டு ஹில்ஸ் ஆலைத் தொழிலாளருக்காக ஒரு கால்பந்துக் கழகத்தை ஆதரித்துத் தோற்றுவித்தார். ஜெர்மனியில் பேயர் மருந்து, சாயத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில் 1904-இல் லெவர்குசன் கழகம் பிறந்தது. ஹாலந்தில் பிலிப்ஸ் விளக்குத் தொழிற்சாலையார் 1913-இல் ஐந்தோவன் கழகத்தைத் தொடங்கினார்கள். ஓய்வு நேரத்தில் மைதானத்துக்குப் போகும் தொழிலாளி மறுநாள் உற்சாகமாக வேலைக்கு வருவான். முதலாளியைத் திட்டும் வாய், கோல் விழுந்தால் அவன் பெயரைச் சொல்லி ஆரவாரிக்கும். இதுதான் கணக்கு.

நம் தேசத்தில் இந்தக் கணக்கைப் பெருந்தன்மையோடு போட்டவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. இரும்பாலை எழுவதற்கு முன்பே, 1902-இல், தம் குமாரருக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் நகரத்தில் கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பூங்காக்களுக்கும் விசாலமான இடம் ஒதுக்கவேண்டும் என்று அவர் குறிப்பிட்டார். கம்பெனி 1907-இல் உண்டாயிற்று. 1987-இல் அங்கே டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது. 2017-இல் ஜாம்ஷெட்பூர் கழகம் வந்தது. நம் இரவிபுத்தன்துறைப் பிள்ளை இரும்பு நகரம் போய்ச் சேர்ந்த பாதை இதுதான்.

பெயரும் நம்பிக்கையும்

இரண்டாவது காரணம் பெயர். ஜெர்மனியில் 1973-இல் பிரவுன்ஷ்வைக் கழகம் ஒரு மதுபானக் கம்பெனியின் சின்னத்தைச் சட்டையில் தரித்துக்கொண்டு ஆடியபோது பெரிய விவாதமே நடந்தது. இப்போது சட்டையில் பெயர் இல்லாத கழகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் 1998-இல் யூ.பி. என்னும் மதுபானக் கம்பெனி கல்கத்தாவின் இரு பெரும் கழகங்களிலும் நுழைந்தது. ஒன்று மக்டவல் மோகன் பகான் ஆயிற்று. மற்றொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆயிற்று. மதுவைத் தாராளமாக விளம்பரம் செய்ய முடியாத தேசத்தில், ஜன்மப் பகையாளிகளான இரு கழகங்களின் ரசிகர்களும் ஒரே கம்பெனியின் பெயரை நாள்தோறும் சொல்லும்படி செய்தது சாமர்த்தியமல்லவா?

மது மட்டுமல்ல, சீட்டும் உண்டு. கேரளத்தில் சிட் பண்டு வியாபாரம் நடத்தும் கோகுலம் ஸ்தாபனத்தார் 2017-இல் ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். அது 2020-21-லும் 2021-22-லும் அடுத்தடுத்து ஐ-லீக் பட்டம் பெற்றது. சீட்டுப் போட்டு அனுபவப்பட்ட நம் ஜில்லாக் குடும்பங்களுக்கு இதன் மர்மத்தை விளக்க வேண்டுவதில்லை. சீட்டு நடத்துகிறவனுக்கு முதலாவது மூலதனம் நம்பிக்கை. 'இவன் நம்மவன்' என்று ஜனங்கள் நினைத்தால் பாதி வியாபாரம் முடிந்தது. பத்திரிகையில் முழுப் பக்கம் விளம்பரம் செய்தாலும் கிடைக்காத அந்த எண்ணம், நம் கழகத்தின் சட்டையை அவன் வாங்கித் தந்தால் எளிதில் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் இன்னும் நுட்பமானது. ரஷ்யாவின் எரிவாயு ஸ்தாபனமான காஸ்ப்ரோம் 2007 முதல் ஜெர்மனியின் ஷால்கே கழகத்தின் சட்டையில் இடம்பெற்றிருந்தது. கால்பந்து பார்க்கும் ஜெர்மானியன் கடைக்குப் போய் காஸ்ப்ரோம் வாயுவை வாங்கப் போவதில்லை. அந்த ஸ்தாபனத்துக்கு வேண்டியிருந்தது நல்லெண்ணம். 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்ததும் கழகத்தார் அப்பெயரைச் சட்டையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் கடற்கரையிலும் துறைமுகம் என்றும் கனிம மணல் என்றும் பெரிய திட்டங்கள் பேசப்பட்டு, மீனவ மக்கள் எதிர்த்து நின்ற ஆண்டுகள் உண்டு. கடலையோ கரையையோ நம்பி வாழும் ஊருக்கு யார் பந்து கொண்டுவந்தாலும், 'உனக்கு எங்களிடம் வேறு என்ன காரியம்?' என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்பதில் பிழையில்லை.

தர்மமா, விளம்பரமா?

நான்காவது காரணம் சட்டம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களில் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இது அமலுக்கு வந்தது. கிராம விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிப்பது அக்காரியங்களில் ஒன்று.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தன் சரக்குக்குச் சந்தையில் ஆதாயம் தேடிக் கம்பெனி கொடுக்கும் ஆதரவைச் சமூகக் காரியமாகக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது பயிற்சிக்குக் கொடுத்தால் தர்மக் கணக்கு. பெயர் போடுவதற்குக் கொடுத்தால் விளம்பரக் கணக்கு. ஒரே ரூபாயை இரண்டு கணக்கிலும் எழுத முடியாது. என் மாணவன் கொண்டுவந்த காகிதமோ ஒரு பக்கத்தில் தர்மம் பேசி, மறு பக்கத்தில் விளம்பரம் கேட்டது. 'எங்கேயோ இடிக்கிறது' என்று அவன் சொன்ன இடம் இதுவே.

போனவர்களும் நின்றவர்களும்

கம்பெனி வந்த காரணத்தை அறிந்தால் அது போகும் காரணமும் விளங்கிவிடும். பஞ்சாபில் பக்வாரா நகரத்து ஜே.சி.டி. துணி ஆலையின் குழு 1996-97-இல் முதலாவது தேசிய லீக் பட்டத்தை வென்றது. 2011-இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஆட்டங்களால் போதிய விளம்பரம் கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பம்பாயில் 1962-இல் தோன்றிய மகிந்திரா குழு 2005-06-இல் தேசிய லீக்கை வென்றது. 2010-இல் அதுவும் மறைந்தது. கம்பெனிகள் குற்றம் செய்தன என்று சொல்வதற்கில்லை. கழகம் அவர்களுடைய சொத்து, அவர்கள் மூடினார்கள்.

தேம்ஸ் இரும்பாலையின் கதை வேறு விதமாக முடிந்தது. அக்கழகம் 1900-இல் ஆலையிலிருந்து பிரிந்து வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்று தனியே நிலைபெற்றது. ஆலை 1912-இல் மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளரின் இரண்டு சம்மட்டிகள் இன்றும் கழகத்தின் சின்னத்தில் குறுக்காக நிற்கின்றன. முதலாளி போனார், ஆலை போயிற்று. கழகம் ஜனங்களிடம் இருந்ததால் பிழைத்தது.

பெயரைப் பற்றி மோகன் பகானே பெரிய பாடம். 1889-இல் தோன்றிய கழகம் அது. 1911 ஜூலை 29-ஆந் தேதி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் பட்டாளத்துக் குழுவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று கேடயம் பெற்றபோது தேசமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2020-இல் அது ஏ.டி.கே. குழுவோடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. ரசிகர்கள் பொறுக்கவில்லை. மூன்று வருஷம் கூக்குரலிட்டார்கள். 2023-இல் முன்னொட்டு நீங்கியது. ஆனால் பின்னால் 'சூப்பர் ஜயண்ட்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டது! பணக்காரக் கழகத்தின் லட்சக்கணக்கான ரசிகர்களுக்கே அவ்வளவு பாடு என்றால், ஒரு கடற்கரை ஊரின் கதி என்ன?

தென்னந்தோப்பில் ஒரு கூட்டம்

அடுத்த வாரம் அவ்வூர்த் தென்னந்தோப்பில் கூட்டம் கூடிற்று. நானும் போயிருந்தேன். இளைஞர்கள் பணத்தை வாங்கிவிட வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிய்ந்த பூட்ஸைத் தைத்துத் தைத்து ஆடுகிறவர்கள். நன்றாக ஆடியும் பயிற்சி இல்லாமல் பதினேழு வயதில் கடலுக்குப் போன தோழர்களைப் பார்த்தவர்கள்.

கடைசியில் ஒரு முதியவர் எழுந்தார். "வாத்தியாரே, எஞ்சின் வாங்கக் கடன் தருகிறவன் பலபேர் உண்டு. அதுக்காக வள்ளத்துக்கு அவன் பேரையா எழுதுகிறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு காகிதம் எழுதுவது சுலபமாகிவிட்டது. கழகத்தின் பெயர் ஊருடையது, அது விலைக்கில்லை. மைதானத்தில் கம்பெனிக்கு உரிமை கிடையாது. சட்டையின் மார்பில் மூன்று வருஷம் கம்பெனிப் பெயர் இருக்கலாம். அதற்கு வாடகையாகச் சட்டையும் பந்தும் பூட்ஸும் தரட்டும். பயிற்சியாளரின் சம்பளமும் பையன்களின் படிப்புச் செலவும் சமூகக் கணக்கிலிருந்து, எந்தப் பெயரும் கேட்காமல் வரட்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சட்டைக்குச் சம்மதம், மூன்று வருஷம் இரண்டாகக் குறைந்தது, பயிற்சியாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஊரார் கையெழுத்திட்டார்கள். பயிற்சியாளரின் சம்பளத்துக்கு, மீன் விற்ற பணத்திலிருந்து ஒவ்வொரு வள்ளமும் ஒரு சிறு தொகை எடுத்து வைப்பதென்று தீர்மானித்தார்கள். அது போதவில்லை, ஆனால் ஒரு மாதமும் தவறவில்லை.

சென்ற மாதம் அங்கே ஓர் ஆட்டம் பார்த்தேன். பையன்களின் மார்பில் கம்பெனியின் பெயர் பளிச்சென்று இருந்தது. இரண்டு வருஷத்தில் அது மாறும். வேறொன்று வரலாம், வராமலும் போகலாம். கோல் விழுந்தபோது கரையில் நின்ற சிறு பிள்ளைகள் கூவியது மட்டும் பாட்டன்மார் வைத்த பெயரைத்தான்.