இதயம் நிற்கும்போது பம்ப் ஓட்டுபவர்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் மாணவர் ஹிதேந்திரனின் தானமாகத் தரப்பட்ட இதயம், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததைக் கருங்குழி, மதுராந்தகம் பக்கத்தில் மறந்தவர்கள் குறைவு. ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் போலீஸையும் பாராட்டினோம், சரிதான். பழைய இதயத்தை எடுத்துவிட்டுப் புதியதைத் தைத்து முடிக்கும்வரை, அதைப் பெற்ற சிறுமியின் உடம்பில் ரத்தத்தை ஓட வைத்தது எது? இதய நுரையீரல் இயந்திரம். அதை இயக்குபவர் பெர்ஃபியூஷனிஸ்ட். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்திய எக்மோவும் இதே வகைக் கருவிதான்.

ஆபரேஷன் தியேட்டரில் இதய நுரையீரல் இயந்திரத்தை ‘பம்ப்’ என்பார்கள். முதலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின். உறையும் நேரம் பொதுவாக 480 விநாடியைத் தாண்டியதைப் பார்த்த பிறகே பம்ப் ஓடும். இதயத்துக்குப் போகவேண்டிய கருஞ்சிவப்பு ரத்தம் குழாய் வழியே தொட்டிக்கு வந்து, ஆக்ஸிஜனேட்டரில் பளிச்சென்று சிவந்து, மகாதமனிக்குத் திரும்பும். தொட்டி வற்றினால் காற்று உள்ளே போய்விடும், மூளைக்கு ஆபத்து. அதனால் இயக்குபவரின் கண் தொட்டியின் ரத்த மட்டத்தை விட்டு நகரக்கூடாது. கரண்ட் போனால் பேட்டரி. அதுவும் காலைவாரினால், இதற்கென்றே வைத்திருக்கும் கைப்பிடியைச் செருகிக் கையாலேயே சுற்ற வேண்டும், வேகம் குறையாமல், திசை மாறாமல்.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன் கேர் டெக்னாலஜி என்ற படிப்பு, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. பயிற்சி ஆண்டையும் சேர்த்து நான்கு வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கானது. பெயரில் ‘கார்டியாக்’ இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு கார்டியாக் டெக்னாலஜியில் சேர்ந்துவிட வேண்டாம். அது எக்கோ, டிரெட்மில், கேத் லேப் வேலை. பட்டம் முடித்தவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோ உண்டு.

இந்தத் தொழிலையும் முறைப்படுத்த, 2021-இல் துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. தாமதம்தான்: வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய அறுவை சிகிச்சை தொடங்கியது 1961-இல். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் செய்தது 1975-இல்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் சான்றிதழ் தேர்வு எழுத, படிக்கும்போதே குறைந்தது 75 கேஸ் பம்ப் ஓட்டியிருக்க வேண்டும். இங்கேயும் அதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள்: உங்கள் மருத்துவமனையில் வாரத்துக்கு எத்தனை திறந்த இதய ஆபரேஷன் நடக்கிறது, அதில் எத்தனையில் மாணவர் கை பம்ப்பில் இருக்கும்?